கோல்ட்ஃபிஞ்ச் வளர்ப்போர் சங்கங்களுக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பறவை வளர்ப்போர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், கண்காட்சி நடுவர்களுக்கும் வணக்கம்.

கோல்ட்ஃபிஞ்ச் குருவியைத் திறந்த வெளியில் தொலைநோக்கியோடு பின்தொடர்பவனாகவும், அதே இனத்தைப் பறவைக் கூடத்தில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்பவனாகவும் இருக்கும் ஒருவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. காட்டுப் பறவையை நேசிப்பவர்களுக்குக் கூண்டைக் கண்டதுமே களவு நினைவுக்கு வருகிறது. வளர்ப்பவர்களோ, தங்கள் உழைப்பை அறியாதவர்களின் பேச்சு என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஐயத்துக்கு மெய்யான காரணம் உண்டு என்பதாலும், அதை நீக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது என்பதாலும் உங்களை நோக்கியே எழுதுகிறேன். கண்காட்சி மேசைக்கு வரும் ஒவ்வொரு கோல்ட்ஃபிஞ்சும் எந்தப் பெற்றோருக்கு, யாருடைய கூடத்தில் பிறந்தது என்பதை மெய்ப்பிக்கும் கடமையை வளர்ப்பாளர் மீதும், அதைச் சோதித்துப் பார்க்கும் கடமையைச் சங்கத்தின் மீதும் வையுங்கள். காலில் ஒரு வளையம் இருக்கிறது என்பதை மட்டும் இனிச் சான்றாக ஏற்காதீர்கள். என் கோரிக்கை இதுதான். மற்றவை அனைத்தும் அதற்கான காரணங்கள்.

இச்சிக்கலின் வயது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில் உள்ள வொர்திங் நகரத்துச் சுற்றுப்புறத்தில் மட்டும் ஆண்டுக்கு 1,32,000 கோல்ட்ஃபிஞ்சுகள் பிடிக்கப்படுவதாக 1860இல் சொல்லப்பட்டது. ஒட்டுப்பசை தடவிய குச்சிகளும், வலைகளும், காட்டுக் கூட்டத்தைக் கீழே அழைக்கக் கூண்டில் கட்டிவைத்த பார்வைக் குருவிகளுமே அதற்குப் போதுமாயிருந்தன. 1889இல் தோன்றிய பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் தொடக்க காலத்திலேயே கையில் எடுத்த பணிகளுள் இக்குருவி வணிகத்தைத் தடுப்பதும் ஒன்று. பின்னர் சட்டங்கள் படிப்படியாக இறுகின. 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின்படி அங்கே கூடத்தில் பிறந்து மூடிய வளையம் (குஞ்சுப் பருவத்திலேயே காலில் மாட்டும், திறப்பில்லாத முழு வளையம்) பூண்ட கோல்ட்ஃபிஞ்சை மட்டுமே விற்க முடியும். ஐரோப்பிய நாடுகளின் பொதுப் பறவைகள் ஆணை 1979இல் வந்தது. ஆயினும் மால்டாவில் வலை விரித்து ஃபிஞ்சுகளைப் பிடிக்கத் தரப்பட்ட விலக்கு, அந்த ஆணைக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அவ்விலக்கில் அடங்கிய ஏழு இனங்களுள் கோல்ட்ஃபிஞ்சும் ஒன்று. வட ஆப்பிரிக்காவின் நிலை இன்னும் துயரமானது. மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா நாடுகளில் பாட்டுக்காக இப்பறவையைக் கூண்டில் வைக்கும் பற்று மிக ஆழமாக இருப்பதால், சுமார் 25 ஆண்டுகளுக்குள் அது வாழ்ந்த பரப்பில் பாதிக்கும் மேல் வெறுமையாகிவிட்டது. பறவையை வெறுத்தவர்கள் எவரும் இதைச் செய்யவில்லை. அதன் பாட்டை விரும்பியவர்களே செய்தார்கள் என்பதுதான் நாம் முகம் கொடுக்க வேண்டிய செய்தி.

இனி, அடையாளம் காண்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி தாருங்கள். பிறப்பிடத்தை மெய்ப்பிக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. நம் உறுப்பினர்கள் பலரும் வளையத்தின் எண்ணைப் படிக்கும் அளவுக்குப் பறவையின் இறகைப் படிப்பதில்லை.

லின்னேயஸ் 1758இல் விவரித்த ஐரோப்பிய கோல்ட்ஃபிஞ்ச், அதாவது கார்டுவெலிஸ் கார்டுவெலிஸ், 12 முதல் 13.5 சென்டிமீட்டர் நீளமும் 14 முதல் 19 கிராம் எடையும் கொண்டது. சிவந்த முகம், வெண்கன்னம், கரிய உச்சி, கரிய இறக்கையின் குறுக்கே அகன்ற மஞ்சள் பட்டை, பறக்கும்போது பளிச்சென்று தெரியும் வெள்ளைப் பிட்டம் ஆகியவற்றைக் கொண்ட முதிர்ந்த பறவையை எவரும் தவறவிட மாட்டார்கள். குழப்பம் மற்ற இடங்களில் வருகிறது. கூட்டை விட்டு வந்த இளம்பறவையின் தலையில் சிவப்பும் இராது, கருப்பும் இராது. சாம்பல் கலந்த பழுப்பில் கோடுகள் மட்டுமே இருக்கும். ஆனால் இறக்கையின் மஞ்சள் பட்டை அப்போதே முழுமையாக இருப்பதால், அந்தப் பட்டையைப் பார்ப்பவர் ஏமாற மாட்டார். கோடைக் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும் முதல் இறகுதிர்ப்பில்தான் முகம் சிவக்கிறது. அந்த உதிர்ப்பில் உடல் இறகுகள் மாறினாலும் பெரிய பறப்பிறகுகள் பொதுவாக மாறுவதில்லை. ஆகவே முதல் ஆண்டுப் பறவையின் இறக்கையை விரித்துப் பார்த்தால், புதிய கருமையான மூடிறகுகளுக்கு (பறப்பிறகுகளின் அடியை மூடும் சிறு இறகுகளுக்கு) அருகே வெளிறிய நுனியுடன் பழைய மூடிறகுகள் சில நிற்பதைக் காணலாம். வளையத்தில் பொறித்த ஆண்டும் இறக்கை சொல்லும் வயதும் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒரு நடுவருக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை எந்தக் கண்காட்சியிலும் எவரும் செலவிட நான் பார்த்ததில்லை.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவதில் கூடுதல் அடக்கம் தேவை. ஆணுக்குச் சிவப்பு முகமூடி கண்ணின் பின்விளிம்பைத் தாண்டும் என்பது பொதுவிதி. மூக்குத் துளையை மூடும் மயிரிழைகள் ஆணுக்குக் கருப்பாகவும் பெண்ணுக்குச் சாம்பலாகவும் இருக்கும். தோள்பட்டையில் உள்ள சிறு மூடிறகுகள் ஆணுக்குக் கரியதாகவும் பெண்ணுக்குப் பழுப்பு விளிம்புடனும் இருக்கும். ஆணின் அலகு பெண்ணின் அலகைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமானது என்பதால், டீஸெல் என்னும் முட்தலைச் செடியின் ஆழத்தில் உள்ள விதையைக் காட்டில் பெரும்பாலும் ஆண்களே எடுத்துத் தின்கின்றன. இத்தனை அடையாளங்கள் இருந்தும் எந்த ஒன்றையும் தனியே நம்பக் கூடாது. இரு பாலுக்கும் பொதுவான அளவுகள் நிறைய இருக்கின்றன. எல்லா அடையாளங்களும் ஒரே திசையைக் காட்டினால் ஏற்கலாம், இல்லையேல் ஓர் இறகைப் பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிடுவதே முறை.

உள்ளினங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சைபீரியாவிலிருந்து வரும் ‘மேஜர்’ பெரிய உடலும் தூய வெண்மையும் கொண்டது. ஐபீரியத் தீபகற்பம், வடமேற்கு ஆப்பிரிக்கா, கேனரித் தீவுகள் ஆகியவற்றின் ‘பார்வா’ சிறியது. மத்திய ஆசியாவிலும் மேற்கு இமயத்திலும் வாழும் சாம்பல் தலைக் குழுவுக்குத் தலையில் கருப்பே கிடையாது. அதைத் தனி இனமாகவே கொள்வோர் இன்று பலர். கண்காட்சியில் பெரிய உடலுக்கு மதிப்பெண் கிடைப்பதால், மேஜரைப் பிற உள்ளினங்களோடு கலந்து வளர்க்கும் பழக்கம் பரவியிருக்கிறது. கலப்பில் பிறந்த பறவை நலமாக வாழும், பாடும், குஞ்சும் பொரிக்கும். ஆனால் அதை மேஜர் என்றோ பார்வா என்றோ பெயரிட்டு விற்பது உண்மைக்கு மாறானது.

கடல் கடந்த உறவினரோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. அமெரிக்க கோல்ட்ஃபிஞ்ச் ஸ்பைனஸ் என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. கோடையில் எலுமிச்சை மஞ்சள் உடலும் கருந்தொப்பியும் கொண்ட ஆண், குளிர்காலத்தில் மங்கிய பழுப்பாக மாறிவிடும். அது உடல் இறகுகளை ஆண்டுக்கு இருமுறை மாற்றுவதே காரணம். திசில் முட்செடிகள் விதைக்கும் காலத்தை ஒட்டி, மற்றப் பறவைகள் குஞ்சு பொரித்து முடிக்கும் வேளையில்தான் அது கூடு கட்டத் தொடங்கும். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அதைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. ஐரோப்பிய இனம் அங்கே அயல் பறவை என்பதால் அந்தக் காவல் அதற்கு இல்லை. கூண்டுகளிலிருந்து வெளியேறிய ஐரோப்பிய கோல்ட்ஃபிஞ்சுகள் மிச்சிகன் ஏரியின் மேற்குப் பக்கம் இப்போது தாமாகவே பெருகி வருகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேண்டுமென்றே விடுவித்ததன் விளைவும் நம் கண்முன் இருக்கிறது. ஆகவே, மிஞ்சிய குஞ்சுகளைத் திறந்துவிடுவதை அருளாகக் கருதும் உறுப்பினர்களுக்கு, அது வளர்ப்பாளர் செய்யக் கூடாத செயல் என்று நீங்கள் எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும்.

வளர்ப்பைப் பற்றி நான் நீளமாக எழுத நினைப்பதற்குக் காரணம், கூடத்தில் இப்பறவையை நன்றாகப் பெருக்க முடியும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை என்பதே. காட்டிலிருந்து எடுத்தால்தான் நல்ல பறவை கிடைக்கும் என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

கோல்ட்ஃபிஞ்ச் நுண்ணிய விதைகளை உண்ணப் பிறந்த பறவை. அதன் நீண்டு கூர்மையான அலகு, முட்தலைக்குள் நுழைந்து ஒவ்வொரு விதையாகப் பிரித்தெடுக்க அமைந்தது. கலத்தில் கொட்டிய உலர்ந்த கலவையைத் தின்று அது உயிர் வாழும். ஆனால் முழுநலத்தோடு வாழ, டேன்டலையன், திசில், டீஸெல் போன்றவற்றின் பால் பிடித்த பச்சை விதைத்தலைகள் வேண்டும். கேனரி விதை, பேயெள், லெட்யூஸ் விதை ஆகியவற்றை அடிப்படையாக வைத்து, சூரியகாந்தியையும் கஞ்சா விதையையும் அளவு குறைத்துத் தர வேண்டும். சிறு கூண்டில் கொழுப்பு மிகுந்த விதையை விருப்பம்போல் தின்னும் பறவையின் மார்பெலும்பை மூடிக் கொழுப்புப் படரும், அதன் இனப்பெருக்க ஆற்றலும் ஆயுளும் குறையும். கூடம் உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது மேல். பறவை இறக்கை விரித்துத் தொடர்ந்து அடிக்கும் தொலைவு அதற்கு வேண்டும். கூரையில் ஒரு பகுதி மழைக்கு மூடியிருக்கட்டும், குச்சிகள் பருமனில் வேறுபட்ட இயற்கைக் கிளைகளாக இருக்கட்டும், குளிக்கத் தண்ணீர் நாள்தோறும் மாறட்டும்.

தூய்மையைப் பற்றி இதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோல்ட்ஃபிஞ்சைக் கூடத்தில் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை; ஈரமான தரையிலிருந்து தொற்றும் காக்சிடியா ஒட்டுண்ணியும், இரைப்பையைத் தாக்கும் மெகாபாக்டீரியா எனப் பெயர் பெற்ற ஈஸ்ட் நுண்ணுயிரியுமே. இரவில் குச்சி இடுக்குகளிலிருந்து வெளிவந்து இரத்தம் உறிஞ்சும் செந்நிற உண்ணியும் கூட்டிலுள்ள குஞ்சுகளை ஓசையின்றி வெளிறச் செய்துவிடும். கூட்டை விட்டு வந்த இளம்பறவைகள் முதல் இறகுதிர்ப்புக் காலத்தில் மெலிந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஓயாமல் தின்றபடியே இறந்துபோவதைப் பார்த்த எவரும் எச்சத்தைச் சோதிக்காமல் மருந்து கொடுக்க மாட்டார்கள். புதிய பறவையைச் சில வாரங்கள் தனியே வைத்து, எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே கூடத்தில் சேர்க்க வேண்டும். காட்டிலிருந்து பிடித்த பறவை கூடத்துக்குள் கொண்டுவருவதில் இந்நோய்களும் அடக்கம் என்பதை, வேறு எந்தக் காரணத்தையும் ஏற்க மறுப்பவர்களாவது எண்ணிப் பார்க்கட்டும்.

இனப்பெருக்கக் காலத்தில் இணைகளைத் தனித்தனியே பிரிப்பது நல்லது. குளிர்காலம் முழுதும் அமைதியாகக் கூடி வாழ்ந்த ஆண்கள் வசந்தத்தில் ஒன்றையொன்று விரட்டும். கரிய நுனி மறைந்து அலகு முழுதும் வெளிறுவதைக் கொண்டு பறவை இணைசேர ஆயத்தமாகிவிட்டது என்று அறியலாம். பெண்ணே பாசி, பஞ்சு, சிலந்தி இழை கொண்டு கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டி, 4 முதல் 6 முட்டை இட்டு, ஏறத்தாழ 12 நாள் தானே அடைகாக்கும். அக்காலம் முழுதும் ஆண் அதற்கு இரையைக் கக்கி ஊட்டும். குஞ்சுகள் இரண்டு வாரம் கடந்து கூட்டை விட்டு வெளியேறும். ஒரு பருவத்தில் இரண்டு ஈற்று, நல்ல ஆண்டில் மூன்று. இந்த எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் இவை தேவைப்படும்.

இங்கே நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் இதில் நடுவர்களின் பொறுப்பு நேரடியானது. இறக்கையின் மஞ்சளும் முகத்தின் சிவப்பும் உணவில் கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து வருகின்றன. உலர் விதையை மட்டுமே தின்று இறகுதிர்க்கும் கூடத்துப் பறவையின் முகம் பெரும்பாலும் காட்டுப் பறவையின் செந்நிறத்தை எட்டாமல் செம்மஞ்சளில் நின்றுவிடுகிறது. பச்சை விதைத்தலைகளும் கீரையும் வெயிலும் கிடைத்தால் நிறம் மேம்படும், ஆயினும் எல்லாப் பறவைகளுக்கும் முழுதாகத் திரும்புவதில்லை. இந்நிலையில், முகத்தில் செறிந்த சிவப்பு இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கும் நடுவர் இரண்டு தவறான வழிகளைத் திறந்துவிடுகிறார். ஒன்று, செயற்கைச் சாயமேற்றும் உணவு. அதைத் தின்ற பறவையின் இறக்கைப் பட்டை இயல்பை மீறிச் செம்மஞ்சளாகிறது. மற்றது, அந்த ஆண்டு காட்டில் இறகுதிர்த்த பறவையைப் பிடித்துவந்து மேசையில் வைப்பது. பரிசு பெற்ற பறவையின் முகம் கூடத்தில் எட்டமுடியாத சிவப்பில் ஒளிரும்போது, அதைப் பாராட்டும் முன் அது எங்கே இறகுதிர்த்தது என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

இப்போது வளையத்துக்கு வருகிறேன். மூடிய வளையம் குஞ்சின் காலில் ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் மட்டுமே ஏறும். அதன் பிறகு பாதம் பருத்துவிடுவதால் ஏறாது என்பதே அதன் சான்றாற்றல். அதை மாட்டுவது கவனம் வேண்டும் வேலை. கூட்டைச் சுத்தம் செய்யும் தாய், மினுக்கும் உலோகத்தை அழுக்கென்று எண்ணித் தூக்கி எறியும்போது குஞ்சும் சேர்ந்து வெளியே விழும். அதனால் பட்டறிந்த வளர்ப்பாளர்கள் மாலையில் வளையமிட்டு, அதைக் கருநிறத்தால் மங்கச் செய்துவிடுகிறார்கள். இவ்வளவு பொறுமையோடு உழைப்பவர்களின் பெயரைக் கெடுப்பது, பெரிதாக்கிய வளையத்தை முதிர்ந்த காட்டுப் பறவையின் காலில் திணிக்கும் சிலரின் செயல். அளவுக்கு மீறித் தளர்ந்த வளையம், காலில் உரிந்த செதில்கள், காயம்பட்ட பின்விரல், கம்பியில் மோதி நெற்றியில் உதிர்ந்த இறகுகள், மனிதரைக் கண்டதும் கண்மூடித்தனமாக முட்டிமோதும் அச்சம் ஆகியவை அந்தச் செயலின் தடயங்கள். ஆனால் சில மாதங்களில் இத்தடயங்கள் ஆறிவிடும். ஆறாமல் நிற்பது மரபணு ஒன்றே. பெற்றோர் என்று சொல்லப்படும் இரு பறவைகளின் இறகையும் குஞ்சின் இறகையும் ஒப்பிட்டால் பொய் நிலைக்காது.

ஆகவே நான் கேட்பவை இவை. வளையம் வழங்கும்போது, அதைப் பெறுபவரிடம் எத்தனை இணைகள் உள்ளன என்று பதிவு செய்யுங்கள். ஓர் இணை ஓர் ஆண்டில் மூன்று ஈற்றும் தவறாமல் வளர்த்தாலும் 18 குஞ்சுக்கு மேல் வராது. நடைமுறையில் அதில் பாதி வந்தாலே நல்ல ஆண்டு. இரண்டே இணைகளை வைத்துக்கொண்டு 60 வளையம் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள், பருவ முடிவில் மீந்த வளையங்களைத் திரும்ப வாங்குங்கள். ஒவ்வொரு வளைய எண்ணோடும் பெற்றோர் இருவரின் எண்ணும் பதிவேட்டில் இருக்கட்டும். பறவை கைமாறும்போது அப்பதிவும் உடன் செல்லட்டும். கண்காட்சியில் பரிசு பெறும் பறவைகளிலும், குலுக்கலில் தேர்ந்த வேறு சிலவற்றிலும் பெற்றோர் மரபணுச் சோதனை நடத்துங்கள். அதற்கு இசையாதவர் பரிசுக்கு உரியவரல்லர் என்று விதி செய்யுங்கள். செலவைச் சங்கமே ஏற்க வேண்டும், ஏனெனில் நேர்மையாக வளர்ப்பவர் மீது அதைச் சுமத்துவது நியாயமாகாது.

மதிப்பெண் விதிகளில் முகத்தின் செறிவுக்கு உள்ள இடத்தைக் குறைத்து, இறகின் ஒழுங்கு, உடலமைப்பு, கால்களின் நலம் ஆகியவற்றுக்குக் கூட்டுங்கள். உள்ளினப் பெயரோடு வரும் பறவைக்கு அதன் பெற்றோர் பதிவையும் கேளுங்கள். நடுவர்களுக்கு வயதறியும் பயிற்சி கொடுக்க, கள ஆய்வில் வளையமிடும் பறவையியலாளர்களை அழையுங்கள். அவர்கள் கையில் எடுத்த பறவையின் இறக்கையை நொடியில் படிப்பவர்கள், நம்மிடமிருந்து அவர்கள் கற்கவும் நிறைய உண்டு. குஞ்சின் உணவு, முதல் இறகுதிர்ப்பின் போக்கு, நோயின் முதல் அறிகுறி ஆகியவற்றை நாள்தோறும் அருகிருந்து பார்ப்பவர்கள் நாமே.

இவ்விதிகள் வந்தால் உறுப்பினர் சிலர் விலகுவார்கள் என்ற அச்சம் நிர்வாகிகளுக்கு இருப்பதை அறிவேன். விலகுபவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள் என்பது மட்டுமே என் பதில். அகேட், இசபெல், லுட்டினோ போன்ற, மரபணு மாற்றத்தால் வேறு நிறம் பெற்ற பறவைகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பவர்களிடம் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு இது புதிய சுமையன்று. இயல்பு நிறப் பறவைகளை வளர்ப்பவர்களிடமும் அதையே கேட்கிறோம்.

அடுத்த இனப்பெருக்கப் பருவத்துக்கான வளைய விண்ணப்பங்களை அச்சிடும் முன், இணைகளின் எண்ணிக்கைக்கும் பெற்றோர் வளைய எண்களுக்கும் அப்படிவத்தில் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற விதிகளைப் பொதுக்குழுவில் வைத்து விவாதிக்கலாம். இந்த ஒன்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
கோல்ட்ஃபிஞ்ச் வளர்க்கும் ஓர் உறுப்பினர்